ஐஸ் ஹொக்கியில் தொழில்முறை டிபென்ஸ்மேனின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கோல் அடிக்காமல் பெயர் எடுக்க முடியுமா?

கேள்வியின் பின்பாதியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் பிள்ளையை கோச் கோல் அடிக்கும் முன்வரிசையிலிருந்து டிபென்ஸுக்கு, அதாவது பின்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் இடத்துக்கு, மாற்றியிருக்கிறார். வீட்டில் யாரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சரிதானே? நான் கோச் இல்லை, ஹொக்கி ஆடி வளர்ந்தவனும் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, மகனுக்காக அரினா வாங்கில்களில் குளிரில் இருந்து இந்த ஆட்டத்தைப் பழகியவன். அதனால் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்க நினைப்பவர்கள் இதை ஒரு தகப்பனின் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் எடுக்க முடியும். மார்க் ஜியோர்டானோவைப் பாருங்கள். 1983இல் இதே ரொறன்ரோவில் பிறந்தவர், ஜூனியரில் ஓவன் சவுண்ட் அணிக்கு ஆடியவர். வட அமெரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. 2004இல் கால்கரி ஃபிளேம்ஸ் ஒப்பந்தம் கொடுத்து, கீழ் லீக்குக்கு அனுப்பியது. 2007இல் அதே அணி நீட்டியது இருவழி ஒப்பந்தம், அதாவது மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே இறக்கினால் அதைவிட மிகக் குறைந்த சம்பளம். அவர் கையெழுத்து வைக்கவில்லை. மொஸ்கோவுக்குப் போய் டைனமோ அணிக்கு ஒரு சீசன் ஆடினார். அடுத்த வருடம் கால்கரியே திரும்பக் கூப்பிட்டது, 2013இல் அணித்தலைவரும் ஆக்கியது. 2019இல், 35 வயதில், லீக்கின் சிறந்த டிபென்ஸ்மேனுக்கான நொரிஸ் கிண்ணம் அவர் கைக்கு வந்தது. முன்வரிசைக்காரர்கள் பலர் இறங்குமுகத்தில் இருக்கும் வயது அது.

என் மகன் பத்து, பதினொரு வயதில் முன்வரிசையில் ஓரளவு கோல் அடித்துக்கொண்டிருந்தான். பின்னோக்கி ஸ்கேட் பண்ணும்போதும் இவன் தலை குனிவதில்லை, அதனால் டிபென்ஸுக்கு மாற்றப்போகிறேன் என்றார் கோச். காரில் ஏறியதும் மகன் அழத் தொடங்கிவிட்டான். தண்டனை என்று நினைத்துவிட்டான். கூட ஆடிய பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்களாம், ஆடத் தெரியாதவனைத்தான் பின்னால் விடுவார்கள் என்று.

அந்த நேரம் ஜியோர்டானோ எங்கள் ரொறன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு வந்திருந்தார். மேல் வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்து மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கை, அதாவது ஐஸில் ஓடும் அந்த ரப்பர் வட்டைப் பார்க்காதே, ஜியோர்டானோவின் 55ஆம் எண்ணை மட்டும் பார் என்றேன். ரிவியில் இதைப் பார்க்க முடியாது, கமரா எப்போதும் பக்கின் பின்னால்தான் போகும். மூலைக்குள் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும் வழியிலேயே அந்த மனிதர் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பார், மறுபடி ஒருமுறை பார்ப்பார். எதிராளி எந்தப் பக்கத்தால் வருகிறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று பக்கைத் தொடும் முன்பே தெரிந்து வைத்திருப்பார். அதனால் தொட்ட உடனேயே பாஸ் போய்விடும். எதிராளி பக்கோடு நேரே வந்தால் பாய்ந்து விழமாட்டார். இடைவெளியை ஒரு ஸ்டிக் நீளமளவில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய், அவனை மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் ஒதுக்குவார். இரண்டாவது பீரியட் நடக்கும்போது மகனே எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டான்: "அப்பா, இப்ப திரும்பிப் பார்ப்பார் பாருங்கோ."

வயது போகப் போக இந்த இடத்தில் ஆடுபவர்கள் மெருகேறுவதற்குக் காரணம் இதுதான். கால் வேகம் குறையலாம். ஆட்டத்தை முன்கூட்டியே வாசிக்கும் கண் சீசனுக்குச் சீசன் கூர்மையாகும். டெட்ரோய்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 டிராஃப்டில் 53ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவர் வென்ற ஏழு நொரிஸ் கிண்ணங்களும் 30 வயதுக்குப் பிறகு வந்தவை.

அப்புறம் மகனின் அணி ஒரு சுற்றுப்போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் போனது. சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடங்கள். எதிரணியில் இரண்டு பேர் வேகமாக வருகிறார்கள், நடுவில் என் மகன் தனியே. அந்த நேரத்தில் டிபென்ஸ்மேன் செய்ய வேண்டியது, பக் வைத்திருப்பவனைக் கோலியிடம், அதாவது கோல் காப்பவனிடம், விட்டுவிட்டு மற்றவனுக்குப் போகும் பாஸை அடைப்பது. மகன் அதைத்தான் செய்தான், ஸ்டிக்கை ஐஸில் நீட்டி, அந்தரப்படாமல். பாஸ் கொடுக்க வழியில்லாமல் அந்தப் பிள்ளை தானே அடித்தான், கோலி பிடித்துவிட்டான். ஆட்டம் எங்களுக்கு. கோச் வந்து மகனின் ஹெல்மெட்டில் தட்டிவிட்டுப் போனார்.

மனைவி பக்கத்து மாமா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, அவன் பக்கோடு வரேக்க இவன் ஏன் சும்மா நின்றவன்?" நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஒரு சாமத்தியவீட்டில், சாப்பாட்டு மேசையில், மகன் பக்கத்தில் இருக்க, அதே கதையைச் சொன்னார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரித்தான் இதுவும், விட்டால்தான் ஊருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எழுதவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மகன் இப்போது கைச்செலவுக்காகச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறான். போனான் என்று சொல்லவேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஓர் ஓஃப்சைட் முடிவுக்காக, வளர்ந்த ஆம்பிளை ஒருவர் உடைமாற்றும் அறை வாசல்வரை வந்து அவனைத் தூஷணத்தால் ஏசியிருக்கிறார். பதினாலு வயதுப் பிள்ளையை! லீக்குக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது, நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. நடுவர்கள் கிடைக்கவில்லை என்று பிறகு அறிவித்தல் மட்டும் போடுகிறார்கள்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். உடம்பு பெரிய விலை கொடுக்கும். பக் என்பது 170 கிராம் கெட்டி ரப்பர், மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வருவதும் உண்டு. அதன் முன்னால் வேண்டுமென்றே போய் விழுவது டிபென்ஸ்மேனின் வேலை. அடிகளை உடம்பால் மறித்ததில் 2023இல் லீக் சாதனையே ஜியோர்டானோவிடம் வந்தது. 2015இல் அவருடைய புயத் தசைநார் கிழிந்து மீதி சீசன் போய்விட்டது. இடமும் குறைவு. 32 அணிகள், ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக அணிக்கு ஆறு டிபென்ஸ்மேன்கள், மொத்தம் 192 பேர். ஆகவே உங்கள் பிள்ளை என்.எச்.எல். போவான் என்று நான் சொல்லவில்லை. என் மகன் போவான் என்றும் சொல்லவில்லை.

"ஜியோர்டானோ ஸ்டான்லி கிண்ணம் வெல்லவே இல்லையே" என்று, என்.எச்.எல். சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் கிண்ணத்தைச் சொல்லி, யாராவது எழுதுவீர்கள், தெரியும். வெல்லவில்லைதான். 38 வயதில், வருடத்துக்கு 8 லட்சம் டாலர் என்ற குறைந்த சம்பளத்துக்குச் சொந்த ஊர் அணியிலேயே நின்றார். 2004க்குப் பிறகு முதல் தடவையாக 2023இல் லீஃப்ஸ் அந்தக் கிண்ணத்துக்கான பிளேஓஃப் ஆட்டங்களில் ஒரு சுற்று வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். ரே பூர்க் ஐந்து நொரிஸ் வென்ற ஆள். அவருக்கே கிண்ணம் கிடைத்தது 2001இல், கடைசி சீசனில், கொலராடோவுக்கு மாறிய பிறகு. அதற்கு முந்திய இருபது வருடமும் அவர் மோசமான டிபென்ஸ்மேனா?

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: கோச்சோடு சண்டைக்குப் போகாதீர்கள். பின்னோக்கி ஸ்கேட் பண்ணவும், திரும்பிப் பார்த்துப் பக் எடுக்கவும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பழக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். சொந்தக்காரர்களை நான் சொன்ன மாமாவைப் போலப் பிள்ளைக்கு முன்னால் கதைக்க விடாதீர்கள்.