கத்துற கார், கிளம்பாத கார்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

போன மாசம் ரிமோட் சாவி பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்து குவிஞ்ச கேள்வியைப் பார்த்தா திருடன் தொல்லையை விட அலாரம் தொல்லைதான் நம்மாளுங்களுக்கு அதிகம் போல. அதனால இந்த வாட்டி முழுக்க அதே சப்ஜெக்ட்தான். என்ஜின் ஆயில் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, என்னோடது ஏழு வருஷ பழைய ஹேட்ச்பேக். வாங்கின புதுசுல ஆக்சஸரீஸ் கடையில அலாரம் செட் போட்டேன், இத்தனை வருஷம் ஒண்ணும் இல்ல. இப்ப ஒரு மாசமா ராத்திரி ரெண்டு மணி, மூணு மணின்னு திடீர்னு கத்துது. சிசிடிவி ஓட்டிப் பார்த்துட்டேன், ஆளும் இல்ல பூனையும் இல்ல. அபார்ட்மென்ட் செகரட்டரி லெட்டரே குடுத்துட்டார். கடைக்காரர் புது செட் போட்டுக்கோங்கன்றார், போடட்டுமா? (கோவை)

பதில்: போடாதீங்க தம்பி, முதல்ல பானட்டைத் தூக்குங்க. ஓரத்துல கட்டை விரல் சைஸுக்கு ரப்பர் தொப்பி போட்ட ஒரு பின் ஸ்விட்ச் இருக்கும், பானட் மூடினா அமுங்கும், திறந்தா எழும்பும். எழும்பினா அந்த ஒயர் பாடியில எர்த் ஆகி, எவனோ பானட்டைத் திறந்துட்டான்னு அலாரம் ஊரைக் கூட்டும். ஏழு வருஷத்துல அந்த ரப்பர் தொப்பி வெடிச்சு, உள்ள தண்ணி இறங்கி, துரு புடிச்சு, பனி விழுற நேரத்துல அந்த ஈரத்துலயே எர்த் ஆயிடும், அதான் பகல்ல சமத்தா இருக்கிற வண்டி ராத்திரி மட்டும் பேயாடுது. டெஸ்ட் பண்றது சுலபம், அந்த ஸ்விட்ச்சுக்குப் போற ஒத்தை ஒயரைக் கழட்டி இன்சுலேஷன் டேப் சுத்தி ரெண்டு ராத்திரி விட்டுப் பாருங்க. கத்தலைன்னா ஸ்விட்ச் மட்டும் மாத்தினா போதும், ஒரு டிபன் செலவுதான் ஆகும்.

அப்பவும் கத்தினா டேஷ்போர்டுக்கு அடியில தீப்பெட்டி சைஸ்ல அதிர்வைக் கண்டுபிடிக்கிற ஷாக் சென்சார் ஒண்ணு ஒட்டியிருப்பாங்க, அதுல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. உள்ள நடமாட்டம் பார்க்கிற அல்ட்ராசானிக் சென்சார் வச்ச செட்டா இருந்தா கண்ணாடி ஒரு விரக்கடை திறந்திருந்தாலே போதும், காத்துல ஆடுற பிள்ளையார் டாலரைப் பார்த்தும் கத்தும். சில செட்ல எது கிளப்பி விட்டுச்சுன்னு எல்இடி எத்தனை தடவை மின்னுதுன்னு வச்சே சொல்லிடும், கூட வந்த புக்கைத் தேடுங்க (யாரு வச்சிருக்காங்க அதெல்லாம்).

பேட்டரியையும் விட்டுடாதீங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில சாவி போடுறதுக்கு முன்ன மல்டிமீட்டர் வச்சா 12.6 வோல்ட் இருக்கணும். 12.2 காட்டினா பாதி காலி. அதுக்கும் கீழ போனா சில அலாரம் யாரோ பேட்டரி ஒயரை வெட்டுறான்னு நினைச்சுக்கும்.

கேள்வி: சார், நான் ஸ்கூல் டீச்சர், வண்டி கம்பெனி இம்மொபிலைசரோடதான் (சரியான சாவி இல்லாம என்ஜினை ஓட விடாத பூட்டு) வந்துச்சு. ஆறு மாசமா சில நாள் ஸ்டார்ட் ஆகி ஒரே செகண்ட்ல ஆஃப் ஆயிடுது, மீட்டர்ல சாவி போட்ட சிவப்பு லைட் மின்னுது. பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டா சில சமயம் ஓடுது. சர்வீஸ் சென்டர்ல ஈசிஎம் (என்ஜினை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி) மாத்தணும், நாப்பதாயிரத்துக்கு மேல ஆகும்னாங்க. நம்பலாமா? (நாகர்கோவில்)

பதில்: நம்புறதுக்கு முன்ன ஒரு கேள்வி டீச்சர், சமீபத்துல சாவிக்கு மேல்கூடு மாத்தினீங்களா? ஏன் கேக்குறேன்னா நம்ம ஷெட்டுக்கு ஒரு அம்மா இதே கதையோட வந்தாங்க. சாவியைப் பார்த்தா புத்தம் புது பளபள கூடு, பழசு உடைஞ்சுடுச்சுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில மாத்தினாங்களாம். பழைய கூடு எங்கம்மான்னா ஹேண்ட்பேக்ல துழாவி எடுத்துக் குடுத்தாங்க, நல்ல வேளை தூக்கிப் போடல. தட்டினேன், அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு கண்ணாடிக் குழாய் உள்ளங்கையில விழுந்துச்சு. அதுதான் சிப். கடைக்காரப் பையன் பட்டனையும் பேட்டரியையும் மட்டும் மாத்தி வச்சுட்டு உசுரைப் பழைய கூட்டுலயே விட்டுட்டான். அந்தப் பை சாவி ஓட்டையை ஒட்டினாப்ல கிடந்த அன்னைக்கு வண்டி ஓடியிருக்கு, பையைப் பின் சீட்ல போட்ட அன்னைக்கு ஓடல.

சங்கதி என்னன்னா, அந்தச் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. சாவி போடுற ஓட்டையைச் சுத்தி ஒரு காயில் வளையம் இருக்கு, சாவி ஆன் பண்ணதும் அதுல சுமார் 125 கிலோஹெர்ட்ஸ்ல அலை கிளம்பும், அந்த அலையிலேயே சிப் உயிர் வந்து தன் நம்பரைச் சொல்லும், நம்பர் சரியா இருந்தாத்தான் ஈசிஎம் டீசலோ பெட்ரோலோ விடும். சொல்லலைன்னா ஒரு செகண்ட் உறுமிட்டு நின்னுடும், உங்க வண்டி பண்றது அச்சு அசல் அதேதான். அதனால வரிசையா இதைப் பாருங்க. வீட்ல இருக்கிற ரெண்டாவது சாவியை ஒரு வாரம் யூஸ் பண்ணுங்க, பிரச்சனை போயிட்டா குத்தம் சாவியில, ஈசிஎம்ல இல்ல. கீ செயின்ல இன்னொரு வண்டியோட சிப் சாவி தொங்குதான்னு பாருங்க, ரெண்டும் ஒரே நேரத்துல பேசி ஒண்ணுக்கும் பதில் போகாது, கனமான இரும்பு வளையமும் அப்படித்தான் இடைஞ்சல் பண்ணும். ரெண்டு சாவியிலயும் வந்துச்சுன்னா அந்தக் காயிலுக்குப் போற கனெக்டரைக் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டச் சொல்லுங்க, காயில் மட்டும் மாத்தினா ஆகிற செலவு ஈசிஎம் செலவுக்குப் பக்கத்துலயே வராது. இத்தனையும் பார்த்தப்புறமும் நின்னா அப்ப ஈசிஎம் பத்திப் பேசட்டும்.

கேள்வி: ஐயா, வண்டி நாலு நாள் நின்னா பேட்டரி டவுன். புது பேட்டரி போட்டும் அதே கதை. அலாரமும் ஜிபிஎஸ் ட்ராக்கரும் போட்டிருக்கேன். (தஞ்சாவூர்)

பதில்: கணக்கு போட்டாலே தெரிஞ்சுடும் சார். பூட்டி நிக்கிற வண்டி பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்ளதான் இழுக்கணும். உங்க ட்ராக்கரும் அலாரமும் சேர்ந்து 300 இழுக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியில இருக்கிற சார்ஜோட அளவு) போச்சு, 45 ஆம்பியர் அவர் பேட்டரியில நாலு நாள்ல 28.8 போயிடும், மிச்சம் 16 சொச்சம், அதை வச்சு ஸ்டார்ட்டர் சுத்துறது கஷ்டம். பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரைப் போட்டு, கதவு எல்லாம் பூட்டி, அரை மணி நேரம் காத்திருந்து ரீடிங் எடுக்கச் சொல்லுங்க, உடனே எடுத்தா உள்ள இருக்கிற யூனிட் எல்லாம் தூங்கியிருக்காது, ரீடிங் பொய் சொல்லும். அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸா புடுங்குங்க, எதைப் புடுங்கும்போது ரீடிங் விழுதோ அதுதான் திருடன்.

கேள்வி: புஷ் ஸ்டார்ட் வண்டி, சாவி இல்லைன்னு காட்டுது, சாவி என் பாக்கெட்லதான் இருக்கு! (சேலம்)

பதில்: சாவியில பேட்டரி வீக். சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்ட வச்சு அமுக்குங்க, பெரும்பாலான வண்டி எடுத்துக்கும், சிலதுல வைக்கிற இடம் வேற, மேனுவல்ல படம் இருக்கும். அப்புறம் நேரா கடைக்குப் போய் 3 வோல்ட் காயின் செல் மாத்துங்க, நம்பர் அதுமேலயே எழுதியிருக்கும்.

கேள்வி: அண்ணே, வண்டி வாங்கி ஒன்றரை வருஷம். சென்ட்ரல் லாக் அலாரம் தானா அடிக்குது, அஞ்சு தடவை ஷோரூம் போயிட்டேன், ஒவ்வொரு தடவையும் 'இங்க வரும்போது நல்லாத்தான் இருக்கு'ன்னு அனுப்பிடுறாங்க. இப்ப வெளிக்கடையில கேமரா மாட்டினதாலதான்னு வாரண்டி இல்லைன்றாங்க. (திருச்சி)

பதில்: அஞ்சு தடவை போனதுக்கு அஞ்சு ஜாப் கார்டு இருக்கா? இருந்தாலும் அதுல என்ன எழுதியிருக்கு? 'ஜெனரல் செக்கப்'னு எழுதி கையெழுத்து வாங்கியிருந்தா அலாரம் கம்ப்ளைன்டே நீங்க சொல்லாத மாதிரிதான். அடுத்த தடவை போனா 'பூட்டின வண்டியில தானா அலாரம் அடிக்குது, இந்தத் தேதி, இந்த நேரம்'னு நீங்க சொன்ன வார்த்தையிலயே எழுத வைங்க, அடிக்கும்போது போன்ல வீடியோ எடுத்து வைங்க. கேமராவாலன்னு சொன்னா எந்த ஒயரால எப்படின்னு எழுத்துல கேளுங்க, வாரண்டி புக்ல வெளி எலக்ட்ரிக்கல் வேலை பத்தின வரியையும் ஒரு தடவை படிச்சுக்கோங்க, கேமராவுக்கு எங்க ஒயரை வெட்டி ஜாயின்ட் போட்டிருக்காங்கன்னும் பாருங்க, நெஜமாவே அதாலயும் இருக்கலாம். அதுக்கும் மசியலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஆன்லைன்லயே போடலாம், பிரச்சனை கிளம்பினதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதனால இழுத்தடிக்க விடாதீங்க.

இன்னொண்ணு, கேக்காமலே சொல்றேன். ரெண்டாவது சாவியை தொலைச்சுட்டு சும்மா இருக்காதீங்க. வண்டி திருடு போய் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போனா ரெண்டு சாவியும் எங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க.

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல மில்வாக்கீல வேலை பார்க்கிறான். பழைய ஹூண்டாய் ஒண்ணு மலிவா வருதுன்றான், ஆனா திருடு போகுமாமே? (மதுரை)

பதில்: நிறைய திருடு போன வண்டிதான். அந்தக் கதையே மில்வாக்கீலதான் கிளம்புச்சு. 2015ல இருந்து 2021 வரைக்கும் வந்த பல ஹூண்டாய்லயும், 2011ல இருந்து 2021 வரைக்கும் வந்த பல கியாலயும், சாவி போட்டுத் திருப்புற மாடல்ல இம்மொபிலைசரே வைக்கல, மேல சொன்ன அந்த அரிசி மணி கிடையாது. யூஎஸ்பி ஒயர் முனையை வச்சே திருப்பி ஓட்டிட்டுப் போற வீடியோ 2022ல நாடு முழுக்கப் பரவுச்சு. பக்கத்துல கனடாவுல 2007லயே இம்மொபிலைசர் கட்டாயம், அதனால அங்க இந்தப் பிரச்சனை வரல, எல்லை தாண்டினதும் சிக்கனம் பண்ணியிருக்காங்க பாருங்க. 2023 பிப்ரவரில சுமார் 83 லட்சம் வண்டிக்கு ஃப்ரீயா சாஃப்ட்வேர் அப்டேட் தர்றதா அறிவிச்சாங்க, அலாரம் 30 செகண்ட் அடிச்சது ஒரு நிமிஷம் ஆச்சு. பையன் வாங்குற வண்டிக்கு அப்டேட் போட்டாச்சான்னு டீலர்கிட்ட கேக்கச் சொல்லுங்க. போட்ட வண்டியை ரிமோட்ல பூட்டினா ரிமோட்லதான் திறக்கணும், அது தெரியாம வெறும் சாவியில திறந்துட்டு வண்டி கிளம்பலைன்னு உங்களுக்கு நடுராத்திரி போன் பண்ணுவான்.

கேள்வி: சாவி போட்டா திரும்பவே மாட்டேங்குது, ஸ்டீயரிங்கும் இறுகிடுச்சு. அலாரம் எதுவும் இல்லாத பழைய வண்டி. டோ பண்ணணுமா? (காரைக்குடி)

பதில்: வேண்டாம். அது ஸ்டீயரிங் லாக். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிக்கிட்டே சாவியைத் திருப்புங்க, முரட்டுத்தனமா திருப்பாதீங்க, சாவி உள்ளேயே முறிஞ்சா அடுத்த மாசம் நீங்க வேற கேள்வியோட வருவீங்க.