வீட்டுத் தோட்டத்தில் விதை எடுத்துப் புதிய காய்கறி ரகத்தை உருவாக்க முடியுமா? அந்த விதையைச் சேமிக்கவும் விற்கவும் சட்டம் இடம் தருகிறதா?

முடியும், ஆனால் வெண்டையிலிருந்து தொடங்குங்கள். பூ பெரியது, ஆண் பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருக்கின்றன, ஆண்டுக்கு இரண்டு பட்டம் எடுக்கலாம். சுரையிலும் பூசணியிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பதால் அயல் மகரந்தம் எளிதில் வந்து சேர்ந்துவிடும்.

காங்கேயத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், பறிக்கும்போது கண்ணுக்குத் தப்பி முற்றிய காயைத்தான் பலரும் விதைக்கு விடுகிறார்கள். அது நோயில் தளர்ந்த செடியின் கடைசிக் காயாகவும் இருக்கலாம். என் அம்முச்சியோ (அம்மாவின் அம்மா), மஞ்சள் தேமல் நோய் தட்டாத, கீழ்க் கணுவிலேயே காய்க்கத் தொடங்கிய செடியை முன்கூட்டியே பார்த்துவைத்து, சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டு, அதன் காயைக் குழம்புக்குத் தொடவிடமாட்டார். நான் கற்ற முதல் பாடம் அதுதான்: பார்க்க வேண்டியது காயை அல்ல, செடியை.

அப்படியும் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாயின. வெண்டை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்று நம்பி மொட்டுக்கு உறை கட்டாமல் விட்டேன். பக்கத்துத் தோட்டத்தின் கலப்பின வெண்டையிலிருந்து தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிட்டன.

பிறகு எங்கள் குட்டைப் பச்சை வெண்டையையும் சிவப்பு வெண்டையையும் சேர்த்தேன். மறுநாள் விரியவிருக்கும் பச்சை வெண்டை மொட்டை மாலையில் பிரித்து, சூல்தண்டைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளை நகத்தால் சுரண்டி நீக்கி, துணிப்பை கட்டி, காலையில் சிவப்பு வெண்டையின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததால் ரகம் உருவாகிவிட்டதென்று மகிழ்ந்தேன். இரண்டாம் தலைமுறையிலோ நெட்டை, குட்டை, சிவப்பு, பச்சை, சுணை (உறுத்தும் மயிர்) உள்ளது, சுணையற்றது என ஒரே பாத்தியில் எல்லாம் கலந்து முளைத்தன. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். உண்மையான தேர்வு தொடங்குவதே இங்கேதான். ஆகவே இந்தத் தலைமுறையில் இயன்ற அளவு அதிகச் செடிகளை வளர்த்து, பிடித்த சிலவற்றின் மொட்டுகளுக்கு மட்டும் உறை கட்டி, தன் மகரந்தத்திலேயே காய்க்கும்படி தற்கலப்பு செய்து, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே வைக்க வேண்டும். தற்கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மையை, அதாவது ஒரே பண்புக்கு இருவேறு மரபணுக்கள் சேர்ந்திருக்கும் நிலையை, பாதியாக்குவதால், இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடாக இருப்பது ஆறாம் தலைமுறையில் ஏறத்தாழ 3 விழுக்காடாகிவிடும்.

காய் செடியிலேயே காய்ந்து வரிகளில் வெடிக்கத் தொடங்கியதும் பறித்து, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து வையுங்கள். சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, உழவர் தம் விளைச்சல் விதையைச் சேமிக்கலாம், பகிரலாம், விற்கலாம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் அனுமதியில்லை.

என்னுடையது இப்போது ஐந்தாம் தலைமுறை. குட்டைச் செடி, சிவந்த தண்டு, சுணையில்லாத காய். ஆடிப்பட்டத்தில் இன்னும் ஓரிரு செடிகள் நெட்டையாக வளர்ந்து பச்சையாகக் காய்த்தன. அவற்றுக்கு உறை கட்டவில்லை, குழம்புக்குப் போய்விட்டன.