பாலாற்றில் தண்ணீர் இல்லாதவர்களுக்கு எதற்குப் பசிபிக்?

மதிப்பிற்குரிய அம்மா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஆசிய-பசிபிக் கடற்படைகளைப் பற்றி இரண்டு வருடமாக விடாமல் படித்து வருகிறேன். 2025 நவம்பரில் சீனா ஃபூஜியன் என்ற மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பலைப் படையில் சேர்த்துவிட்டது. நம்மிடம் விக்ரமாதித்யா, விக்ராந்த் என இரண்டுதான். தைவானுக்காகப் போர் மூண்டால் யார் ஜெயிப்பார்கள்? குவாடில் நாம் இருப்பது சரியா? ஆக்கஸில் சேரலாமா? கடாரம் கொண்டவனின் வாரிசுகளான நாம் கடலில் ஏன் இப்படிப் பின்தங்கினோம்?

இதையெல்லாம் பேசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பாலாத்துலயே தண்ணி கெடையாது, உனக்கு இன்னாத்துக்குடா பசிபிக்?" என்கிறார்கள். யோசித்தால் அவர்கள் சொல்வதும் சரிதான். நம் மாவட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

எஸ்.,
குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உங்கள் கடைசி வரிதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

குவாட் என்பது இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்த ஒரு கூட்டு. ராணுவ ஒப்பந்தம் கிடையாது. ஒருவருக்கு அடி விழுந்தால் மற்றவர் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆக்கஸ் 2021-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என மூன்று நாடுகள் சேர்ந்து, ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கி கொடுப்பதை முதல் வேலையாக வைத்துச் செய்துகொண்ட ஏற்பாடு. நம்மை யாரும் அழைக்கவில்லை. அதோடு விடுங்கள்.

தைவான் போரில் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் இனி என்னிடம் கேட்காதீர்கள். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அந்த ஊரைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அங்கே ஒருவரும் யார் ஜெயிப்பார் என்று கேட்டதில்லை. "லீவு எப்போ?" என்றுதான் கேட்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல நீங்கள் கேட்ட அந்த வரியை அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் உங்களால் உரக்கப் படித்துக் காட்ட முடியுமா?

கப்பல்களை எண்ணுவதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று, இரண்டு என்று எழுதுகிறீர்கள். தென்சீனக் கடலில் ஒரு திட்டின்மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள் 1999-இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாத்ரே என்ற பழங்கப்பல் இன்றும் துருப்பிடித்து நிற்கிறது. அதற்குள் சில வீரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் படகில்தான் போக வேண்டும். 2024 ஜூன் 17 அன்று அப்படிப் போன படகுகளைக் கத்தியோடும் கோடரியோடும் வந்த சீனக் கடலோரக் காவலர்கள் மறித்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமிக்குக் கட்டைவிரல் போனது. ஏவுகணைக் காலத்தில் கோடரி. இரண்டு வருடம் விடாமல் படித்த உங்களுக்கு அந்த விரல் கண்ணில் படவில்லையே, அதுதான் என் வருத்தம்.

சோழர் பெருமைக்கு வருகிறேன். கடாரப் படையெடுப்பு 1025. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால், 949-இல், இதே வடஆற்காட்டுத் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். ராஷ்டிரகூடர் கையில் சோழர்படை நொறுங்கியது. கடாரத்தைச் சொல்கிற வாயால் உங்கள் மண்ணில் நடந்த தக்கோலத்தையும் சொல்லிப் பழகுங்கள். அது என் ஆயா ஊர். பேச்சுப்போட்டியில் கைத்தட்டல் வாங்கத்தான் வாரிசு என்ற சொல் உதவும்.

சரி. பாலாற்றுக்கும் பசிபிக்கிற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு வேலையாகப் பாலாற்றங்கரைக்குப் போனவள், முத்து மண்டபத்துக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கனின் சமாதி அது. 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. மறுவருடம் அவனைக் கப்பலேற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தான். குளிர்ந்த மலைநாட்டு ராஜா ஒருவன் நம் வெயிலில் பதினாறு வருடம் ஏன் கிடந்தான்? நம் கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்குப் பெரிய பாய்க்கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அன்றைய சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நின்றன. ஒதுங்குவதற்குப் பக்கத்தில் இருந்த நல்ல இடம் திருகோணமலை. 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பிடித்தபோது ஆங்கிலேயருக்கு வயிற்றைக் கலக்கியது. 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து தாங்களே பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் தொடங்கிய ஆசை இருபது வருடத்தில் கண்டி மலை ஏறிவிட்டது. 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதையும், 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது தில்லி முகம் சுளித்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அதே தீவு, அதே துறைமுகக் கணக்கு. முந்தைய முறை அந்தக் கணக்கில் விழுந்த மனிதர் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் படுத்திருக்கிறார். நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1762-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தது. கூடப் போனவர்களில் சில நூறு சென்னைச் சிப்பாய்கள். 1764-இல் படை திரும்பியபோது ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் கல்யாணம் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பிரம்மோஸ் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு நம் விமானப்படை விமானம் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் இறங்கியது என்று படித்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு கைந்தா நினைவுதான்.

இவை பழங்கதை என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். அப்படியானால் குடியாத்தத்தில் ரயில் ஏறி அரக்கோணத்தில் இறங்கச் சொல்லுங்கள். பழைய வடஆற்காடு மாவட்டம்தான் அதுவும். அங்கே 1992-இலிருந்து ராஜாளி என்ற கடற்படை விமானதளம் இருக்கிறது. கடல் கண்ணுக்கெட்டாத ஊரில், நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுபாதை. வங்கக் கடலிலும் மலாக்கா வாயிலிலும் நீர்மூழ்கி தேடும் விமானங்கள் அங்கிருந்துதான் எழும்புகின்றன. 2014-இல் காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடவும் நம் கடற்படையின் பி-8ஐ என்ற நீர்மூழ்கி தேடும் விமானம் பறந்தது.

நான் வளர்ந்த ஊர் அரக்கோணம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மாடியில் ஒரு கடற்படைக் குடும்பம் குடிவந்தது. குளச்சல்காரர்கள். அந்த அண்ணன் டியூ-142இல் போகிறவர். சோவியத்திடமிருந்து 1988-இல் வாங்கிய எட்டு விமானங்கள், முதலில் கோவாவில் இருந்து பிறகு அரக்கோணம் வந்தவை. நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். அது கிளம்பினால் எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் நடுங்கும். தக்கோலத்திலிருந்து வந்திருந்த ஆயா முதல் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "இன்னாடி இது, வானத்துல மாவு மில்லு ஓடுது" என்றாள்.

அண்ணன் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, அவளிடமும் சொல்ல மாட்டார். பத்து மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். அக்கா எங்களோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள், பூக்கட்டுவாள், சிரிப்பாள். ஆனால் காது மட்டும் எங்களோடு இருக்காது. கிளம்பிய சத்தம் ஒன்று, திரும்பிய சத்தம் ஒன்று. இரண்டாவதைக் கேட்டால்தான் அவள் உலை வைப்பாள். எத்தனையோ ராத்திரி எங்கள் தலைக்குமேல் அவள் நடக்கிற காலடியைக் கேட்டிருக்கிறேன். தூரத்தில் உறுமல் எழுந்து, தாழ்ந்து, நின்றதும் அந்தக் காலடியும் நின்றுவிடும்.

அண்ணனுக்கு விமானத்துக்குள் என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். "கேக்குதது, பிள்ளே. கடலுக்கு மேல இருந்து கேக்குதது" என்றாள். அப்புறம் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கட்டுமரத்தில் போகிறவர். துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை வைத்து, மீன்கூட்டம் போகிறதா என்று கேட்பாராம். "இவிய மேல இருந்து ஒரு குழலப் போடுதாவ. அது கடல்ல விழுந்து, காத மட்டும் கயித்துல கீழ இறக்கும். நீர்மூழ்கி எஞ்சின் சத்தம் கேட்டா விமானத்துக்குச் சொல்லும். அப்பா துடுப்புதான் இது." சோனோபாய் என்ற சொல்லை நான் புத்தகத்தில் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்து. அவள் விளக்கத்தை மிஞ்சிய விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

எஸ்., ஆழத்தில் போகிற நீர்மூழ்கியைக் கண்ணால் பிடிக்க முடியாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வங்கக் கடலில் அது இன்னும் கஷ்டம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் உப்புநீருக்குமேல் தனி அடுக்காகப் படுத்துக்கொள்கிறது. நீரின் உப்பும் சூடும் மாறுகிற இடத்தில் ஒலி நேராகப் போகாமல் வளைகிறது. அந்த வளைவுக்கு அடியில் ஒரு நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளலாம். எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் ஒலி எப்படி வளையும் என்று ஆண்டுக்கணக்காக அளந்து வைத்தவன்தான் அங்கே கேட்க முடியும். 2014-இல் சீன நீர்மூழ்கி இரண்டுமுறை கொழும்பில் வந்து நின்றது நினைவிருக்கும். அன்றிலிருந்து இந்தக் கேட்கும் வேலை கூடிக்கொண்டே போகிறது. பொறியியல் படிக்கிறீர்கள் அல்லவா? விமானந்தாங்கியை எண்ணுவதை நிறுத்திவிட்டு நீரில் ஒலி எப்படிப் போகிறது என்று படியுங்கள் தம்பி. உங்கள் இரண்டு வருட உழைப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

நண்பர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பாலாறு வாயலூரில் அந்தக் கடலில்தான் சேர்கிறது. 2021 நவம்பரில் கரைபுரண்டு போனதை அவர்களும் பாலத்தில் நின்று போன் தூக்கிப் படம் பிடித்திருப்பார்கள்.

2017 மார்ச் 29 அன்று டியூ-142களுக்கு ராஜாளியில் விடை கொடுத்தார்கள். அன்று ராத்திரி குளச்சலிலிருந்து அக்கா போன் செய்தாள். அண்ணன் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. செய்தியில் பார்த்தாளாம். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "புதுசு வந்திருக்கே, அது எப்படி உறுமும்?" என்று கேட்டாள்.

"உறுமாது அக்கா. போயிங் 737தான் அதுவும். சென்னைக்குப் போற பயணிகள் விமானம் மாதிரியே இருக்கும். எது எதுன்னு கீழ இருந்து சொல்ல முடியாது."

அக்கா சிறிது நேரம் பேசவில்லை.

"அப்பம் அந்த வீட்டுப் பொம்பளைய எதைக் கேட்டு உலை வைப்பா?" என்றாள்.