அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க எண் கேட்கிறதா? ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனதும், நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. பாஸ்வேர்டு, பின் எதையும் ஏற்கவில்லை. நான் எந்தப் பூட்டும் போட்டதே இல்லை. பழுது பார்ப்பவர் ஃபார்மட்தான் வழி என்கிறார். என் கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை. ஃபார்மட் செய்தால்தான் போகும். அவரிடமிருந்து லேப்டாப்பை முதலில் வாங்கிவிடுங்கள்.

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி; ரெக்கவரி கீ அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி. பூட்டை நீங்கள் போடவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகம். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்று உரிமையாளரிடம் உரக்கச் சொல்லாமல் பூட்டுவது என்ன நியாயம்? இத்தனை ஆண்டுகளாகியும் இதைச் சரிசெய்யாதது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உங்கள் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் நுழைவதற்கு. டிஸ்க்கின் சாவி டிபிஎம் என்ற சிப்பிடம் இருக்கிறது. கணினி வழக்கம்போல் தொடங்கினால் சிப் சாவியைக் கொடுக்கும். அப்டேட்டோடு பயாஸோ (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) செக்யூர் பூட் அமைப்போ (நம்பகமானதை மட்டும் தொடங்கவிடும் காவல்) மாறினால் சந்தேகப்பட்டுக் கொடுக்க மறுக்கும். அப்போதுதான் மாற்றுச் சாவியாக அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. 2024 ஜூலை, 2025 மே மாத அப்டேட்களுக்குப் பிறகும் சில கணினிகளில் இப்படி நடந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் எதனோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது. எண்ணை ஆறு ஆறாகப் பார்த்து அடியுங்கள். ஒவ்வொரு ஆறிலக்க எண்ணும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். வகுபடாவிட்டால் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கில் சாவியே இல்லையா? அங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தது யார் என்று யோசியுங்கள். விற்றவர் அவர் கணக்கைப் போட்டாரா? மகளின் கணக்கா? முன்பு வைத்திருந்தவரா? சாவி அவருடைய கணக்கில்தான் இருக்கும், அவரையே பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கே இரண்டு மின்னஞ்சல் இருந்தால் பழையதிலும் பாருங்கள். ஒருமுறையாவது அலுவலகக் கணக்கையோ கல்லூரிக் கணக்கையோ இந்த லேப்டாப்பில் சேர்த்திருந்தால், சாவி அங்குள்ள ஐடி பிரிவிடம் போயிருக்கலாம். வேலையை விட்ட பிறகும் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். அப்புறம், அமைக்கும்போது சாவியை பென் டிரைவில் சேமித்தீர்களா, பிரிண்ட் எடுத்தீர்களா என்று பழைய தாள்களையும் கிளறுங்கள்.

‘சாப்ட்வேர் போட்டுத் திறந்து தருகிறேன்’ என்பவரை நம்பாதீர்கள். சாவி இல்லாமல் இந்தப் பூட்டைத் திறக்கும் சாப்ட்வேர் அவரிடம் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும். தேடலில் வரும் ‘உதவி எண்’ எதையும் அழைக்காதீர்கள்; தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டே உருவாக்கித் தர முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு ‘முயன்றேன், முடியவில்லை, ஃபார்மட் செய்துவிட்டேன்’ என்று திருப்பித் தருவதுதான் இதில் நடப்பது. திரையில் வரும், விண்டோஸைப் புதிதாகப் போடும் ‘ரீசெட் திஸ் பிசி’யையும் தொடாதீர்கள். தேடிப் பார்த்தும் சாவி கிடைக்கவே இல்லையென்றால் மட்டும் அது கடைசி வழி. அதில் கோப்புகள் மீளாது.

உள்ளே நுழைந்த பிறகும் ஒவ்வொரு முறையும் சாவி கேட்டால், பிட்லாக்கர் அமைப்பில் ‘சஸ்பெண்ட்’ (தற்காலிக நிறுத்தம்) கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ‘ரெஸ்யூம்’ (மறுபடி தொடக்கம்) கொடுங்கள். அன்றே கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, 48 இலக்கத்தையும் தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை எங்கே வைத்தாலும் சரி, லேப்டாப் பைக்குள் வைக்காதீர்கள்.