துறை அறிஞர்களை விக்கிப்பீடியாவுக்கு அழைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் துறையைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகள் பிழை மலிந்தும் பழைய தகவல்களோடும் இருக்கின்றன. பங்களிக்குமாறு பேராசிரியர்கள் பலருக்கு எழுதியும் எவரும் முன்வரவில்லை. வேறு எப்படி அழைப்பது?

பதில்: எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால், அது தமக்கு எழுதப்பட்டதாக யாரும் கருதுவதில்லை. ஓர் அறிஞருக்கு, அவர் ஆய்வு செய்த பொருளிலேயே அமைந்த ஒரு கட்டுரையை மட்டும் அனுப்புங்கள். அதை எழுதித் தருமாறு கேட்காமல், படித்துக் குறைகளைச் சுட்டுமாறு கேளுங்கள். ஆய்விதழ்களுக்கு மதிப்பீடு செய்து பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலை. பயனர் கணக்கும் விக்கி நிரலும் (கட்டுரையை வடிவமைக்கும் குறியீடுகள்) அவர்களைத் தயங்க வைக்கின்றன, இந்த வேலைக்கு அவை தேவையில்லை. விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் 42 அறிவியல் தலைப்புகளில் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட 'நேச்சர்' இதழும் வல்லுநர்களிடம் பிழைகளைக் கண்டு சொல்லுமாறுதான் கேட்டது.

கட்டுரை நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பதால், குறிப்பிட்ட பதிப்புக்கான நிலையான இணைப்பையே அனுப்ப வேண்டும். வரும் குறிப்புகளை அவருடைய இசைவுடன் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பக்கம்) இட்டு, வெளியான நூல்களையோ ஆய்வுரைகளையோ சான்றாகக் காட்டி நீங்களே திருத்துங்கள். என்ன திருத்தினீர்கள் என்பதை மறவாமல் அவருக்குத் தெரிவியுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அடுத்த கடிதத்துக்குப் பதில் வராமல் போவதற்கு இதுவே போதும்.

நேரடியாகத் தொகுக்க விரும்புபவரிடம் கசப்பான விதிகளை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. எங்கும் வெளியாகாத கண்டுபிடிப்புக்கு அங்கே இடமில்லை. பட்டமும் பதவியும் சான்றாகா. அவர் எழுதியதை முகம் தெரியாத ஒருவர் மாற்றலாம். தம் சொந்த ஆய்வுகளையே மிகுதியாக மேற்கோள் காட்டினால் நலமுரண் (சொந்த நலனுக்காக எழுதுதல்) என்ற கேள்வி எழும், அத்தகைய சேர்க்கைகளைப் பேச்சுப் பக்கத்தில் முன்மொழிவதே முறை. இவற்றை மறைத்து அழைத்தால், முதல் திருத்தம் நீக்கப்பட்ட அன்றே அவர் விலகிவிடுவார். விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான, வல்லுநர் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடாத நூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் 2000-இல் தொடங்கி, சில பத்துக் கட்டுரைகளைக்கூட எட்டாமல் 2003-இல் நின்றுபோனதை நினைத்தால், இந்த விதிகள் அறிஞர்மீதான அவமதிப்பால் வந்தவை அல்ல என்பது விளங்கும்.

விக்கிப்பீடியாவில் எழுதுவது கல்விப் பணியாகக் கணக்கில் வராததும் ஒரு தடைதான். 'ஆர்என்ஏ பயாலஜி' இதழ் 2008-இல், ஆர்என்ஏ குடும்பங்களை விவரிக்கும் ஆய்வுரைகளோடு ஒரு விக்கிப்பீடியா கட்டுரையையும் கேட்கத் தொடங்கியது. உங்கள் துறை இதழாசிரியர் எவரேனும் அறிமுகமானவராக இருந்தால் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

பேராசிரியர்கள் இசையாவிட்டால் ஆய்வு மாணவர்களிடம் கேளுங்கள். முன்னாய்வுத் தொகுப்பை (தம் தலைப்பில் ஏற்கெனவே வெளியான ஆய்வுகளின் தொகுப்பு) அண்மையில் முடித்தவர்களிடம் தேவையான சான்றுகள் திரட்டியபடியே இருக்கும்.