புல்வெட்டும் மிஷின் பாதியில் நின்றால்: கேள்வி பதில்

ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கம்பெனிப் புல்தரை, மாந்தோப்பு, காலி மனை என்று பன்னிரண்டு வருடமாகப் புல் வெட்டுகிறேன். புரட்டாசி மழையில் புல் முழங்காலைத் தொடும்போதுதான் மிஷினும் மக்கர் பண்ணும். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

ஓசூர்: அண்ணா, என்னிடம் தள்ளிக்கொண்டு போகும் லான் மோவர் ஒன்று, தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு இன்னொரு மோவர் வாங்கட்டுமா?

மோவர் வேண்டாம் தம்பி, இன்னொரு பிரஷ் கட்டர் வாங்குங்கள். மோவர் நின்றால் பிரஷ் கட்டரில் பிளேடுக்குப் பதில் நைலான் நரம்பு மாட்டிப் புல்தரையை ஒப்பேற்றலாம். கொஞ்சம் மேடுபள்ளமாகத் தெரியும், அவ்வளவுதான். பிரஷ் கட்டர் நின்றால் வேலியோரத்தை மோவரால் வெட்ட முடியாது. கையில் காசு சேரும்வரை, இதே தொழில் செய்யும் இன்னொருவரோடு பேசிவையுங்கள்: யார் மிஷின் நின்றாலும் மற்றவருடையது நாள் வாடகைக்கு. போட்டிக்காரர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

காரிமங்கலம்: மூன்று மாதம் ஓரமாக வைத்திருந்த பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பிளக்கில் பொறி வருகிறது.

பழைய பெட்ரோலை டேங்கிலேயே விட்டிருப்பீர்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், ரப்பர் டியூபைக் கெடுக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குள் பிசின் மாதிரி படிந்து மயிரிழை ஓட்டையை அடைத்துவிடும். கழற்றி, கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றில் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் அப்புறம் கார்ப்பரேட்டரையே மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அடுத்த முறை ஓரமாக வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

பர்கூர்: மோவர் பிளேடு கல்லில் 'டங்' என்று மோதி நின்றது. புது பிளேடு போட்டும், கயிறு இழுத்தால் கையை வெடுக்கென்று திரும்ப இழுக்கிறது.

பிளேடு மேல் குற்றமில்லை. பிளைவீல் என்கிற கனமான சக்கரத்தை எஞ்சின் தண்டோடு பிடித்திருக்கும் கீ என்ற சின்ன உலோகத் துண்டு வெட்டுப்பட்டிருக்கும். அதனால் பொறி நேரம் தவறி விழுகிறது. பல எஞ்சின்களில் அந்தக் கீயை மெத்தென்ற உலோகத்தில்தான் செய்கிறார்கள்; பெரிய சேதத்தைத் தான் வாங்கிக்கொள்ளட்டும் என்று. கீ மாற்றியும் மிஷின் அதிர்ந்தால் தண்டு வளைந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் போங்கள். பிளேடில் கைவைக்கும் முன் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

ஊத்தங்கரை: வேலையாள் டூ ஸ்ட்ரோக் மிஷினில் வெறும் பெட்ரோல் ஊற்றிவிட்டார்.

டூ ஸ்ட்ரோக் மிஷினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஓட்டாமல் இருந்தால் பிழைத்தீர்கள், கொட்டிவிடுங்கள். ஓட்டியிருந்தால் பிஸ்டன் கோடு விழுந்து இறுகிப் பிடித்திருக்கும். லிட்டருக்கு 20 மில்லி ஆயிலா 40 மில்லியா என்பதை மிஷின் புத்தகத்தில் பாருங்கள். கலப்பதை வீட்டிலேயே முடித்து, தனி நிறக் கேனில் கொடுத்தனுப்புங்கள்.

பாலக்கோடு: வண்டியில் என்னென்ன ஸ்பேர் வைத்திருக்க வேண்டும்?

பிளக், பிளக் ஸ்பேனர், பெட்ரோல் டியூப், ஃபில்டர், நரம்பு, பிளேடு நட்டு, கிரீஸ். முக்கியமாக ஸ்டார்ட்டர் கயிறு. ஒரு திங்கட்கிழமை காலை, பத்து மணிக்கு வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு கம்பெனியில் அவசர வேலை. இரண்டாவது இழுப்பிலேயே கயிறு அறுந்து கைப்பிடி மட்டும் என் கையில் இருந்தது. செக்யூரிட்டி அண்ணன் துணி காயப்போடும் நைலான் கயிறு கொடுத்தார். நுனியைத் தீப்பெட்டியால் உருக்கி முடிச்சுப் போட்டு அன்றைய பொழுதை ஓட்டினேன். அன்றிலிருந்து வண்டியில் எப்போதும் மூன்று மீட்டர் கயிறு கிடக்கும்.

கிருஷ்ணகிரி: மிஷின் நின்றால் வேலை கொடுத்தவரிடம் என்ன சொல்வது?

அவர் போன் பண்ணும் முன் நீங்கள் பண்ணுங்கள், எந்த நாளில் முடிப்பீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: எந்த இடமானாலும் கேட் ஓரமும் முன்பக்கமும் முதலில் வெட்டிவிடுங்கள். மிஷின் நின்றாலும் மிச்சம் கிடப்பது கொல்லைப்பக்கமாகத்தான் இருக்கும்.