குயவர் வாழ்ந்த வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கியோட்டோவில் படிக்கும் மகளைப் பார்க்க வரும் ஏப்ரலில் போகிறேன். அவள் அனுப்பிய பட்டியலில் கோயில்களுக்கு நடுவே கவாய் கன்ஜிரோ என்ற குயவரின் வீடும் இருக்கிறது. ஒரு வீட்டைப் பார்க்க அரை நாளை ஒதுக்கத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, கோத்தகிரி

பதில்: ஒதுக்குங்கள் அம்மா. பட்டியலைச் சுருக்க வேண்டியிருந்தால் கோயில்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவில் கோயில்களுக்குக் குறைவில்லை.

1890இல் ஷிமானே பகுதியின் யசுகி என்ற ஊரில் தச்சர் குடும்பத்தில் பிறந்த கவாய், கியோட்டோவில் குயவர்கள் நெருங்கி வாழ்ந்த கோஜோசாக்கா பகுதியில் குடியேறி, 1966இல் இறக்கும்வரை அங்கேயே தொழில் செய்தார். 1934இல் வீசிய பெரும்புயலில் பழைய வீடு சேதமடைந்தபோது, நாட்டுப்புற உழவர் வீடுகளை மனத்தில் கொண்டு புதிய வீட்டைத் தாமே வடிவமைத்தார்; 1937இல் அது எழுந்தது. 1973 முதல் குடும்பத்தார் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் தரையில் பதித்த அடுப்பும், கருமையேறிய உத்தரங்களும், மாடிவரை திறந்திருக்கும் நடுக்கூடமும் கண்ணில் படும். அரிசிமாவு இடிக்கும் மர உரலைக் குடைந்து செய்த இருக்கைகள், அவர் வரைந்து கொடுத்த வடிவில் செய்யப்பட்ட மேசைகள், மூங்கில் சாமான்கள் எல்லாம் புழங்கிய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்து பார்க்கவும் முடியும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தைப் பார்த்தால் அதன் நிறமும் வடிவமும் மட்டுமே தெரியும். அதே கிண்ணம் எந்த உயரத்துப் பலகையில், எந்த ஜன்னலின் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர் நினைத்தார் என்பது இந்த வீட்டில்தான் விளங்கும். ஓவியம் கற்பித்த உங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று எண்ணுகிறேன்.

முற்றத்தில் கிடக்கும் உருண்டைக் கல்லையும் கவனியுங்கள். புதுவீட்டுக்குக் கல்விளக்கு ஒன்றைப் பரிசளிக்க முன்வந்த ஊர் நண்பர்களிடம், விளக்கு வேண்டாம், உருண்டையான ஒரு கல் போதும் என்று கேட்டுப் பெற்றாராம். அதை அவ்வப்போது உருட்டி இடம் மாற்றிவைப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது.

கேள்வி: அந்த வீட்டின் பின்புறம் பெரிய சூளை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எவ்வாறு இயங்கியது? இப்போதும் எரிகிறதா?
– வாசகர், குன்னூர்

பதில்: இப்போது எரிவதில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். குன்னூரில் சரிவையொட்டி ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறும் வீட்டு வரிசையைப் போல, எட்டு அறைகள் மேட்டில் ஏறிச் செல்கின்றன. அடியில் உள்ள வாயில் முதலில் தீ மூட்டுவார்கள். சூடான காற்று மேலேதான் போகும் என்பதால், ஓர் அறையின் சுவர்த்துளைகள் வழியே தீ அடுத்த அறைக்குள் ஏறும். கீழறையில் பாண்டங்கள் வெந்துகொண்டிருக்கையில் அதன் மிச்ச வெப்பம் மேலறையைக் காய்ச்சி வைத்துவிடும். ஓர் அறை பதமானதும், அடுத்த அறையின் பக்கவாட்டுத் துளை வழியே விறகைத் திணித்து அதன் வெப்பத்தை உயர்த்துவார்கள். இப்படிச் செய்வதால் ஒவ்வொரு சூளைக்கும் தனித்தனியே தீ வளர்ப்பதைவிட விறகு மிச்சமாகும்.

இதை நிரப்பப் பெருந்தொகையான பாண்டங்கள் வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்துக் குயவர்கள் பலர் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புகழ்பெற்ற கவாயின் சாடியும் பெயர் தெரியாத அண்டைவீட்டாரின் சோற்றுக் கிண்ணமும் ஒரே தீயில் வெந்திருக்கின்றன. போர்க்காலத்தில் சூளை எரிக்க வழியில்லாமல் போயிற்று. 1968இல் ஜப்பான் காற்று மாசுக்கு எதிரான சட்டம் இயற்றிய பிறகு, நகரின் நடுவில் விறகுப்புகை விடுவது இயலாததாயிற்று. கோஜோசாக்காவின் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கேள்வி: கவாய் தம் படைப்புகளில் கையெழுத்திடவில்லை என்கிறார்களே, அது பணிவா, பகட்டா?
– கல்லூரி மாணவர், உதகமண்டலம்

பதில்: இரண்டுமில்லை, கொள்கை. சிந்தனையாளர் யனாகி சோஎட்சு, குயவர் ஹமாடா ஷோஜி ஆகியோருடன் சேர்ந்து 1920களில் அவர் முன்னெடுத்த மிங்கெய் இயக்கம், பெயரறியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்தவற்றில் உள்ள அழகையே உயர்வாகக் கருதியது. அந்த நோக்கில் நின்றவர் கிண்ணத்தின் அடியில் தம் பெயரைப் பொறிப்பது பொருந்தாது. நம் நீலகிரியில் கோத்தர் பெண்கள் வனைந்த பானைகள் மற்ற மலைமக்களின் வீடுகளுக்குச் சென்றபோது அவற்றில் எவர் பெயரும் இருக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கவாய் இதில் இறுதிவரை உறுதியாக இருந்தார். அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற சிறப்பை அளிக்க முன்வந்தபோது அதையும் மறுத்துவிட்டார். ஆனாலும் கையெழுத்தில்லாத அவருடைய சாடிகளை ‘கவாய்’ என்ற பெயருக்காகவே இன்று தேடி வாங்குகிறார்கள். இந்த முரணுக்கு அவரைப் பொறுப்பாளியாக்க முடியாது.

கேள்வி: நாங்கள் டோக்கியோ மட்டுமே போகிறோம். அங்கே இதுபோல் உண்டா?
– வாசகி, கூடலூர்

பதில்: உண்டு. யனாகா பகுதியில் சிற்பி அசாகுரா ஃபூமியோவின் வீடும் பட்டறையும் இருக்கின்றன. கான்கிரீட் பட்டறையும் மரவீடும் நடுவில் நீர்த்தோட்டத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. 1935இல் கட்டி முடித்தது. பூனைப் பிரியர்கள் தவறவிடக் கூடாது, ஏனெனில் அவர் பூனைகளைச் சிற்பமாக வடித்தவர்.

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் தாயாரைக் கவாய் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அழைத்துச் செல்லலாம் ஐயா. மாடிப்படி செங்குத்தான மரப்படி. அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கீழ்த்தளமும் முற்றமும் பட்டறையும் சூளையுமே வயிறார விருந்து. வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். மெருகேறிய மரத்தரை வழுக்கலாம் என்பதால் பிடிமானமுள்ள காலுறை அவருக்கு நல்லது. கேஹான் ரயில்பாதையின் கியோமிசு-கோஜோ நிலையத்திலிருந்து ஏறக்குறைய 10 நிமிட நடை. தாயாருக்காக வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகஸ்ட் நடுவிலும் ஆண்டு முடிவிலும் சில நாட்கள் மூடுவார்கள் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் தேதியைச் சரிபார்த்துவிடுங்கள்.